மாவு மில்லும் ஒரு மடிக்கணினியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு மனிதரின் முகத்துக்கு எடை உண்டா என்று நீங்கள் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? எங்கள் வீட்டில் அப்படி எண்ணிப் பார்க்கும்படி ஒரு நாள் வந்தது.

2019ஆம் ஆண்டு அது. அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அம்மா தோவாளைச் சந்தைப் பூவை வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பவள். பிளஸ் டூ முடித்த அக்காவைக் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லாமல் போயிற்று. அவள் தானாகவே படித்து, ஓர் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க முயன்றாள். கடைசி நாள் இரவு. கைப்பேசியில் எடுத்த படம் மூன்று மெகாபைட்; கேட்டதோ ஐம்பது கிலோபைட்டுக்குள். “அளவு அதிகம்” என்று திரை திரும்பத் திரும்பச் சொல்லிற்று. பிரௌசிங் சென்டரும் மூடிவிட்டது. மணி பன்னிரண்டு ஆனதும் எல்லாம் முடிந்தது. அக்கா இன்று நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டு வேலை பார்க்கிறாள். அவள் படிப்பில் குறைவில்லை. படத்தில்தான் எடை கூடிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே வந்த பிறகும் அதே காட்சியைத்தான் கண்டேன். உதவித்தொகைக் காலம் வந்தால் நண்பர்கள் படத்தைச் சுருக்கவும் கையொப்பத்தைச் சுருக்கவும் வகுப்பை விட்டுவிட்டு டவுனுக்கு ஓடினார்கள். பல விண்ணப்பங்களில் படம் 20 முதல் 50 கிலோபைட், கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட் என்று வரையறை உண்டு. ஐபோன் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு வேறு தொல்லை. 2017 முதல் அந்தப் போன்கள் ‘ஹெய்க்’ என்னும் வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. விண்ணப்பமோ ‘ஜேபெக்’ வடிவைத்தான் ஏற்கும்.

இதற்கு நாமே ஒரு வழி செய்தால் என்ன என்று தோன்றியது. கணினித் துறையில் ‘மைக்ரோசர்வீஸ்’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். நுண்சேவை என்று நாம் அழைக்கலாம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். எங்கள் ஊர் மாவு மில்தான் அது. அரிசியைக் கொண்டு போனால் புட்டு மாவு வரும். மிளகாயைக் கொண்டு போனால் பொடி வரும். மில் சமைப்பதில்லை, பரிமாறுவதில்லை. ஒரே வேலை, அதை யார் வந்து கேட்டாலும் செய்து கொடுக்கும். உள்ளே எந்தச் சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று கொண்டு போகிறவர் அறிய வேண்டியதுமில்லை.

ஆனால் இயற்பியல் மாணவனுக்குச் சக்கரத்தையும் பார்க்க ஆசை. ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் ஒளியையும் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறது. நம் கண் அதிகம் கவனிக்காத நுண்ணிய அலைகளைக் குறைத்துவிடுகிறது. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த அதே கொசைன்தான்! இக்கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். இதை அறிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

அக்கா பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினி பரணில் கிடந்தது. “எடுத்துக்கோ மக்கா, எனக்கு இனி எதுக்கு?” என்றாள். அதிலிருந்த பழைய பாஸ் லினக்ஸை நீக்கி, அதற்குத் தாயான டெபியனை ஏற்றினேன். பட மாற்றத்துக்கு இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள். 1987இல் ஜான் கிறிஸ்டி என்பவர் தொடங்கி, 1990இல் உலகுக்கு வழங்கியது. அதை வாசலில் நின்று அழைக்கப் பைத்தான் மொழியில் நாற்பது வரிகள் எழுதினேன். 2016இல் இம்மென்பொருளில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. படம்போல் வேடமிட்ட கோப்பு ஒன்று கணினியையே ஏவல் கொள்ள முடிந்தது. ஆகவே மூன்று வகைப் படங்களைத் தவிர மற்றெதையும் உள்ளே விடாதபடி பூட்டினேன். துறைத்தலைவர் அனுமதியுடன் 2025 ஆவணியில் ஆய்வக மூலையில் அதை வைத்தோம். பேட்டரி செத்துவிட்டதால் கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஆய்வக வைஃபையில் இணைந்து, கைப்பேசியில் அதன் முகவரியைத் தட்டி, படத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் சுருங்கிய படம் திரும்பி வரும். டேட்டா செலவுமில்லை.

முதல் வாரம் பாராட்டு மழை. நானும் கொஞ்சம் தலைகனத்துத்தான் திரிந்தேன். அப்போது வகுப்புத் தோழி ஒருத்தி வந்து கேட்டாள்: “எனக்க போட்டோ இப்போ எங்க கெடக்கு?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. போய்த் திறந்து பார்த்தேன். வந்த படங்களெல்லாம் ஒரு கோப்புறையில் அப்படியே கிடந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட முகங்கள், கையொப்பங்கள், நாலைந்து ஆதார் அட்டைகள். கைப்பேசிப் படங்கள் சிலவற்றில் அவை எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பும் இருந்தது. யாருடைய வீடு எங்கே என்று அந்த மடிக்கணினிக்குத் தெரிந்திருந்தது! அழிக்கும் ஒரு வரியை எழுத நான் மறந்திருந்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். பூவிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் சொன்னாள்: “மில்லுக்காரன் நம்ம மாவுல ஒரு பிடி எடுத்து வச்சா, பிறவு யாருலே அங்க போவா?”

மறுநாளே அனைத்தையும் அழித்தேன். படத்தை வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே வைத்து மாற்றி, திருப்பிக் கொடுத்ததும் மறந்துவிடும்படி நிரலைத் திருத்தினேன். இடக்குறிப்பையும் நீக்கினேன். பிறகு வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள், அது நியாயமே. கேள்வி கேட்ட தோழியோ மறுவாரம் தன் தங்கையின் படத்துடன் வந்தாள். எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

தீபாவளி விடுமுறைக்கு மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டு போனேன். அக்கா தன் படத்தைத் தானே கொடுத்தாள். 44 கிலோபைட். அவளுக்கு வயது வரம்பு இன்னும் தாண்டவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நண்பர்களே, இன்னும் ஓராண்டில் நான் இக்கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். மூலையில் உள்ள அந்தப் பழைய பெட்டியைப் பார்த்துக்கொள்ள முதலாண்டுத் தம்பி தங்கையர் யாராவது முன்வர வேண்டும். நிரலை ஒரு வாரத்தில் கற்றுத் தருகிறேன். பிறர் பொருளை அவரிடமே முழுதாகத் திருப்பிக் கொடுக்கும் மனத்தை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.