ரெண்டு ரெண்டு இருக்கிறது என்றேன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு ஸ்ட்ரீட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரின் பல ஆண்டுக் கணக்குகள் அழிந்துபோயின. அழித்தவன் முகம் தெரியாத ஒரு திருடன். அழிந்ததை மீட்க வழியில்லாமல் செய்தவன் நான்.

பாயான் லெப்பாஸில் ஒரு டேட்டா சென்டருக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுப்பது அப்போது என் வேலை. 1972இல் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து, அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் சொல்லும் தொழில்நுட்பப் பேச்சுக்கு எங்கள் கடைத்தெருவில் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையை நான் காசாக்கினேன்.

டயர் 3, என் பிளஸ் ஒன், எஸ்எல்ஏ என்று அடுக்குவேன். அவற்றின் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும். டயர் 3 என்றால் எந்தக் கருவியையும் பழுதுபார்க்கக் கழற்றலாம், சர்வர்கள் நிற்காது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் 99.982 விழுக்காட்டின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சேவை நிற்கலாம். என் பிளஸ் ஒன் என்றால் தேவைக்கு மேல் ஒரு ஜெனரேட்டரோ குளிரூட்டியோ கூடுதலாக இருக்கும். எஸ்எல்ஏ என்றால் சேவை இவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று எழுதித் தரும் ஒப்பந்தம். இவை எல்லாம் இயந்திரம் ஓடுவதைப் பற்றியவை. இயந்திரத்துக்குள் இருக்கும் கணக்கைப் பற்றி இவற்றில் ஒரு வார்த்தை கிடையாது.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, நம்ம கணக்கெல்லாம் பத்திரமா இருக்குமா?”

“கவலைப்படாதீங்க ஐயா. அங்கே எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு இருக்கு” என்றேன்.

மின் இணைப்பு இரண்டு, யுபிஎஸ் இரண்டு, ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு. ஆனால் டிஸ்க் இரண்டாக இருப்பது ஒன்று பழுதானால் மற்றது ஓடுவதற்காக. ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். வேறோர் இடத்தில் நேற்றைய நகலை எடுத்து வைப்பதுதான் பேக்கப். விலைப்பட்டியலில் அது தனி வரி, தனி மாதக் கட்டணம். தொகை கூடினால் பெரியவர் பின்வாங்குவார், என் கமிஷன் போய்விடும் என்று பயந்து அந்த வரியை நானே நீக்கினேன். நீக்கியதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. யார் எவ்வளவு பாக்கி என்ற பேரேடு போயிற்று. வருமான வரிக்காக ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய பதிவுகளும் போயின. அந்த மாதம் மின்சாரமோ இணைப்போ ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆகவே எஸ்எல்ஏ ஒப்பந்தப்படி எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஒரு சென்கூட அவருக்குத் திரும்பவில்லை. “வைரஸ் வந்தா யாராலும் ஒண்ணும் செய்ய முடியாதுங்க ஐயா” என்றேன். அது என் இரண்டாவது பொய்.

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத பலர் தரவை இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோனில் அரசு டேட்டா சென்டர் எரிந்து, ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளி நகல் இல்லாமல் அழிந்தன. அரசாங்கமே கோட்டை விட்டதே என்று மனத்தைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. என் விஷயத்தில் நடந்தது கவனக்குறைவு அல்ல. ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார். பதில் தெரிந்திருந்தும் அவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி பேசினேன்.

இதை எழுதுவதற்கு முன் அவர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் காசையும் கொடுத்திருப்பேனே, தம்பி” என்றார். என்னிடம் பதில் இல்லை.

கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். டேட்டா சென்டர் ஆள் எத்தனை டயர் சொன்னாலும் மூன்று கேள்விகளை விடாதீர்கள். என் கணக்கின் நகல் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? இன்று எல்லாம் போனால் எத்தனை நாள் கணக்கை இழப்பேன்? திரும்பக் கிடைக்க எத்தனை மணி நேரம் ஆகும்? பதிலை எழுதி வாங்குங்கள். பிறகு உங்கள் கண் முன்னால் ஒருமுறை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.