உள்ளே எழும் வெம்மை

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். இங்குள்ள உப்பளப் பாத்திகளில் உப்பைக் கூடையில் சுமந்து கரையேற்றுவோருள் பெண்கள் பலர். அவர்களுள் நாற்பத்தைந்தைக் கடந்த ஓர் அம்மையாரிடம் எம் இல்லத்துப் பெண்டிர் நலம் வினவினர். "உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுதும்மா, வெயிலுதான்" என்றார் அவர். இரவிலும் எரிகிறதா எனக் கேட்டதற்கு, "ராவுலதான் அதிகம்" என்றார்.

இரவில் ஏது வெயில்?

உடலின் சுரப்பிகள் குருதியில் கலந்து அனுப்பும் தூதுப்பொருள்களுக்கு 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் ஹார்மோன் எனப் பெயரிட்டார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏவ, சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. பெண் பிறக்கும்போதே சூலகத்தில் பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகள் உள்ளன. பூப்பெய்தும் வயதில் அவை ஏறத்தாழ மூன்று இலட்சமாகக் குறைகின்றன. இருப்புத் தீருந்தோறும் சூலகம் தளர்கிறது; பிட்யூட்டரியின் ஏவலோ உரத்து எழுகிறது. இம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் நிகழ்வது. ஈஸ்ட்ரோஜன் குன்றியபின், மூளையில் உடல்வெப்பத்தை நெறிப்படுத்தும் பகுதி சிறு ஏற்றத்தையும் பெருவெப்பமெனக் கருதி வியர்வையைப் பெருக்குகிறது. அம்மையாரின் இரவு வெம்மை இதுவாதல் கூடும்.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து விடாய் இல்லையெனில், அது நின்றதாகக் கொள்வர் மருத்துவர். மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் நிகழும் இது, நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நேர்கிறது. அதன்பின் எலும்பும் விரைந்து வலுவிழக்கும். தலைச்சுமையே பிழைப்பானவருக்கு இது சிறு செய்தியன்று. ஆடவருக்கோ டெஸ்டோஸ்டிரோன் மெல்ல மெல்லவே குறைகிறது.

அறியாமையின் விலை பெரிது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், விடாய் நாள்களில் கூலி இழக்கலாகாதென்று இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. சூலகமும் உடன் அகற்றப்படின், படிப்படியாக வரவேண்டிய மாற்றம் திடீரென வந்து தாக்கும்.

எனவே நாம் வேண்டுவன இவையே: நின்ற விடாய் ஓராண்டுக்குப்பின் மீண்டும் தோன்றினால், அதைப் புற்றின் அறிகுறியோவென மருத்துவரிடம் உடனே காட்டுதல் வேண்டும். உப்பளங்களில் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் அமைதல் வேண்டும். உள்ளே எழும் வெம்மையை நாணமின்றிச் சொல்ல இல்லங்களில் இடம் வேண்டும். நம் உணவுக்குச் சுவை தருவோரின் நலம் நம் கடமையன்றோ?