சக்கரம் வைத்த வீடு

"ஏனுங்க, ஊட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களாக்கும்?" என்று பள்ளிபாளையம் காவிரிக் கரையில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் நாலு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர். நான் பெருமையோடு தலையை ஆட்டினேன். பெரியவர் எங்கள் வண்டியை ஒரு பிரதட்சிணம் செய்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அம்மிணி உள்ளே சோறாக்கிக்கிட்டு இருக்குதுங்க" என்று எனக்கே செய்தி சொல்லிவிட்டு, ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

அந்தச் செய்தியின் முழு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் திருச்செங்கோட்டு மலையில் பாதிப் படி ஏறிய பிற்பாடுதான் விளங்கிற்று.

மோட்டார் வீடு என்றதும் ஏதோ ஜமீன்தார் வீட்டு வைபவம் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் ஒரு பழைய வேனை வாங்கினான். அதற்குள் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு சிறு குளிர்பெட்டி, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் பலகை, இவற்றை அமைத்துக்கொண்டான். அவ்வளவுதான். லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் பிரதேசத்துத் தச்சர்களையும் கொல்லர்களையும் மிஞ்சியவர்கள் இல்லை என்பது தேசப் பிரசித்தம். அவர்களில் ஒருவர்தான் எங்கள் வீட்டையும் கட்டிக் கொடுத்தார். "தண்ணி எண்பது லிட்டர்னா எண்பது கிலோ பாரமுங்க, மேட்டிலே ஏறும்போது ஞாபகம் வெச்சுக்குங்க" என்று எச்சரித்தார். வண்டியின் உள்ளமைப்பை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி அனுமதி பெற வேண்டும் என்பதையும் அவரேதான் சொன்னார்.

மேல்நாடுகளில் இத்தகைய வண்டிகள் தங்குவதற்கென்றே தண்ணீரும் மின்சாரமும் உள்ள மைதானங்கள் உண்டு. நமக்கு அடுத்த கேரளத்தில் 2021-ல் சர்க்கார் இதற்காக ஒரு கொள்கையே வகுத்து அறிவித்தார்கள். இந்தப் பிரயாணத்தில் எங்களுக்கோ பெட்ரோல் பங்கும், கோயில் மைதானமும், கல்யாண மண்டபத்து வாசலுமே கதி. அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட இடத்தில் ஒருவராவது இல்லை என்று சொல்லவில்லை.

பிரயாணத் திட்டத்தை வகுத்தவன் நான். முதலில் 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. அடுத்தபடியாகக் காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறை. பிறகு பள்ளிபாளையம், திருச்செங்கோடு, சங்ககிரி. ராஜாஜி 1925-ல் புதுப்பாளையத்தில் நிறுவிய காந்தி ஆசிரமத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டேன். திட்டத்தைப் படித்துப் பார்த்த என் சகதர்மிணி, "நன்றாயிருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷ இல்லற அனுபவம் உள்ளவன் அந்த ஒரு வார்த்தையிலேயே ஜாக்கிரதையாகியிருக்க வேண்டும்.

பள்ளிபாளையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எதிர்க் கரையில் ஈரோடு. நடுவே காவிரி. கீழே கதவணை கட்டித் தேக்கியிருப்பதால் நதி அங்கே ஏரியைப் போல் அசையாமல் கிடக்கிறது. ஈரோட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட, அவ்வளவும் தண்ணீருக்குள்ளும் ஏறின. காகித ஆலைக்குப் பேர்போன அந்த ஊரில் இரவெல்லாம் விசைத்தறியின் ஓசை கேட்கிறது. முதலில் அது தூக்கத்தைக் கெடுக்கும். பிறகு அதுவே தாலாட்டாகும். இவ்வளவு அழகான நதியிலே சாயக் கழிவைக் கொண்டுவந்து கலக்க மனிதருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! கரையோரத்தில் நுரையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நின்றது. டிரைவர்கள் இருவர். ஒருவர் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தார். மற்றவர் சிறு காஸ் அடுப்பைப் பற்ற வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டைச் சக்கரத்தின் மேல் வைத்து வாழ்வதை ஏதோ நூதனமாக நான் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணியிருந்தேனே, அந்த எண்ணம் அந்த க்ஷணமே தொலைந்தது. இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் காச்மீரம் வரை அப்படித்தான் போய் வருகிறார்கள். அதைப் பற்றி ஒருவரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லை.

என் மனைவி ஜன்னல் வழியாக அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"என்ன சமையல், தம்பி?"

"பள்ளிபாளையத்துக்கு வந்துட்டு வேறென்னங்க அக்கா? கோழிதானுங்க. வரமிளகாயைக் கிள்ளி விதையைத் தட்டிப் போட்டு, வெங்காயம், தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடி ஒண்ணும் ஆகாதுங்க."

"தினமும் நீங்கள்தான் சமைப்பதா?"

"இல்லைங்க அக்கா. இன்னிக்கு என் முறை. நாளைக்கு அண்ணன் முறை. ஓட்டுறதும் அப்படித்தானுங்க."

என் மனைவி பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஈரோட்டு விளக்குகளைப் பார்த்தேன்.

மறுநாள் காலை திருச்செங்கோடு. மலைமேல் கோயில் வாசல் வரை நல்ல மோட்டார் சாலை இருக்கிறது. எண்பது லிட்டர் தண்ணீரோடு வண்டியை மேலே ஏற்றிவிடுவது என்பது என் உத்தேசம். "வண்டி இங்கேயே இருக்கட்டும். நான் படியேறித்தான் வருவேன்" என்றாள் அவள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது; வலது முழங்காலில் வலி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவள் பத்துப் படி ஏறிவிட்டாள்.

படிகள் சுமார் 1200. வழியெல்லாம் மண்டபங்கள். களைத்தவர்கள் உட்காருவதற்கென்றே கட்டிய புண்ணியவான்கள் எந்த உலகத்தில் இருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும். ஓரிடத்தில் பாறையிலேயே ஐந்து தலை நாகம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அறுபதடி நீளம் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி, கல் என்பதே மறந்துபோகிறது. நாககிரி என்று மலைக்குப் பெயர் வந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதற்கும் மேலே அறுபதாம் படி என்ற இடம் வருகிறது. சத்தியப் படிகள் என்பார்கள். முற்காலத்தில் வழக்கு வியாஜ்ஜியங்களைக்கூட இந்தப் படியில் நின்று சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வார்களாம். அங்கே பொய் சொல்லத் துணிந்தவர் இல்லை. என் மனைவி அந்தப் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் வலிக்கிறது. மேட்டூர் அணையை நான் எப்படிப் பார்த்தேன், தெரியுமா? குக்கர் மூன்றாம் தடவை கூவியதற்கும் நாலாம் தடவை கூவியதற்கும் நடுவிலே பார்த்தேன். கூடுதுறையில் நீங்கள் ஸ்நானம் செய்துவிட்டு வந்து, தண்ணீர் எப்படி இருந்தது என்று வர்ணித்தீர்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். வீட்டைவிட்டுப் புறப்படுகிறோம் என்று நினைத்துத்தான் நான் சந்தோஷப்பட்டேன். வீடு கூடவே வந்துவிட்டது. உங்களுக்கு அதிலே திண்ணை வந்தது. எனக்கு அடுப்படி வந்தது."

நான் வாயைத் திறக்கவில்லை.

"இந்தக் கால் இன்னும் எத்தனை மலை ஏறுமோ, தெரியாது. ஏறுகிற மட்டும் ஏறிவிட வேண்டும் என்றிருக்கிறது. இது சத்தியப் படி. அந்த லாரிக்காரத் தம்பி சொன்னாரே, அதைப் போல நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. சோறு வடிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் உண்டு. பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மெய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். இரண்டும் பயமாகவே இருந்தன. கடைசியில், "ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்" என்றேன். "ஓட்டுவதும் அப்படித்தான்" என்றாள். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு பதினெட்டு வருஷமாயிற்று என்பதும், என் மோட்டார் வீட்டை அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

மேலே அர்த்தநாரீசுவரர் மேற்கு நோக்கி நிற்கிறார். வலப் பாதி வேஷ்டி, இடப் பாதி புடவை. காலடியில் ஊறும் நீரைத் தீர்த்தமாகக் கொடுத்தார்கள். சிவனை மட்டுமே வலம் வருவேன், அம்மையை வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் செய்து உடலின் பலம் இழந்த பிருங்கி முனிவரும் அங்கே இருக்கிறார், மூன்று கால்களோடு. என் மனைவி அவரை எனக்குச் சுட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டியது போதாதா?

மறுநாள் சங்ககிரி. முறை என்னுடையது. அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து மலையடிவாரத்தில் நிழல் பார்த்து நிறுத்தினாள். நான் நிறுத்துவதைவிட ஒழுங்காகவே நிறுத்தினாள். பிறகு, கோட்டை பார்க்க வந்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களோடும் ஆசிரியைகளோடும் சேர்ந்து மலையேறிவிட்டாள். தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் 1805-ல் தூக்கிலிட்ட அந்த மலையை நான் அடுப்புக்கு மேலேயுள்ள ஜன்னலில் பார்த்தேன். ஜன்னல் ஒன்றரை அடி அகலம். கோட்டைச் சுவர் கொஞ்சம் தெரிந்தது. அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஆகையால் சங்ககிரியைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் கேள்வி ஞானம். ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு வாசல், ஒரு மதில் தாண்டினால் இன்னொரு மதில் என்று கோட்டை ஏறிக்கொண்டே போகிறதாம். மேலே பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் உண்டாம். உச்சி வரை போகவில்லையாம். முக்கால் மலையில் கால் போதும் என்று சொல்லிவிட்டதாம். அங்கே ஒரு மதில்மேல் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் கொடுத்த கொய்யாப்பழத்தைத் தின்றுகொண்டே பார்த்தபோது, முந்தின நாள் ஏறிய திருச்செங்கோட்டு மலை தெற்கே தெரிந்ததாம். காற்று எப்படி இருந்தது என்று வெகு நேரம் வர்ணித்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.