திமிங்கலம் மூச்சு வாங்கும் நேரம்



இந்த வாரத் தியானத்திற்கு முன்பாக 104ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுவதுமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சங்கீதக்காரன் சிருஷ்டிப்பை வரிசையாகப் பார்த்துக்கொண்டு செல்கிறான். புல் மிருகங்களுக்கு உணவாகிறது. மரம் பறவைகளுக்கு வீடாகிறது. கன்மலை சிறு பிராணிகளுக்குப் புகலிடமாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் கடலுக்கு வந்து லிவியாதானைக் குறிப்பிடும்போது அவன் எந்தப் பயனையும் சொல்வதில்லை. விளையாட்டை மட்டுமே சொல்கிறான். அந்த எபிரேய வாக்கியத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம் என்று இறையியல் கல்லூரியில் கற்றோம். லிவியாதான் கடலிலே விளையாடுகிறது என்பது ஒன்று. தேவன் அதனோடு விளையாடுகிறார் என்பது மற்றொன்று. பழைய யூத ஆசான்களிடத்தில் இந்த இரண்டாம் விளக்கமும் வழங்கிவந்தது.

வகுப்பறையில் இலக்கணமாகக் கற்ற அந்த வாக்கியத்தின் பொருளைத் திருகோணமலைக் கடலிலேதான் நான் உணர்ந்தேன். அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தை ஒட்டியே தொடங்குகிறது. ஆகையால் ஆழ்கடலில் வாழும் பெரிய உயிர்களைக் காண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம்முடைய விசுவாசக் குடும்பத்தைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவர், வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும் மாதங்களில், தமது பைபர் படகில் ஆட்களை ஏற்றிச் சென்று திமிங்கலங்களைக் காட்டுவார். ஆண்டுக்கு ஒரு முறையாவது விடியற்காலையில் நானும் அவரோடு போவதுண்டு.

முதலில் எதிர்ப்படுபவை ஓங்கில்கள். டொல்பின் என்று நாம் சொல்லும் இவை சில நாட்களில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். ஒன்று நீரைவிட்டு எழும்பி, தன் உடலைப் பம்பரம் போலப் பல தடவை சுழற்றி மீண்டும் விழும். உடலில் ஒட்டிய மீன்களை உதறுவதற்காக என்பார்கள். கூட்டத்திற்குச் செய்தி சொல்வதற்காக என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ சங்கீதக்காரனின் சொல்லே போதுமானதாக இருந்தது.

பெருந்தலைத் திமிங்கலத்தை ஒரே ஒருமுறை அருகிலிருந்து கண்டேன். மிதக்கும் மரக்கட்டை போல அது அசையாமல் கிடந்தது. அதன் மூச்சு நேராக மேலெழாமல் முன்னோக்கி, இடப்புறமாகச் சாய்ந்து பீறிட்டது. சில நிமிடங்கள் மூச்சு வாங்கியபின், வாலை வானத்திற்கு உயர்த்தி, ஒரு துளியும் சிதறாததுபோல் உள்ளே இறங்கிப்போயிற்று. 1000 மீட்டருக்கும் கீழே, சூரிய ஒளி எட்டாத இருளிலே, தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே அது கணவாயைத் தேடிப் பிடிக்கிறது. அது மீண்டும் மூச்சுக்கு மேலே வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

நீலத் திமிங்கலம் வந்த அன்று, அதைக் காண்பதற்கு முன் அதன் மூச்சொலியைக் கேட்டோம். பெரிய துருத்தி ஒன்றைத் திறந்துவிட்டாற்போன்ற சத்தம். திரும்பியபோது, பனைமரத்தின் பாதியளவு உயரத்திற்கு நீர்த்தூள் எழுந்து நின்றது. பின்பு முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. பூமியில் இதுவரை வாழ்ந்த விலங்குகள் எல்லாவற்றிலும் பெரியது, 100 டன்னுக்கும் மேல் எடையுள்ளது, விரலளவேயான இறால் போன்ற உயிர்களைத் தின்று வாழ்கிறது. மனிதர் இவற்றை ஏறக்குறைய அழித்தேவிட்டார்கள். 1966இல்தான் நீலத் திமிங்கல வேட்டைக்கு உலகளாவிய தடை வந்தது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

படகில் இருந்த இளைஞர்கள் கிட்டப் போகும்படி கேட்டார்கள். நண்பரோ எஞ்சினை நிறுத்திவிட்டார். “அது மூச்செடுக்க வந்திருக்கு தம்பி. இந்த நேரம் கலைச்சா, மூச்செடுக்காமலே கீழே போயிடும். சும்மா இருங்கோ” என்றார். நாங்கள் சும்மா இருந்தோம். அது தன் மூச்சை முடித்துக்கொண்டு, தன் நேரத்தில் இறங்கிச் சென்றது.

இந்த மனிதரைப்பற்றி நான் இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை அவருடைய ஒன்பது வயது மகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் கடலில் கால் வைக்கவில்லை. வேறு தொழில் தெரியாததால் திரும்பிப் போனார். ஒருநாள் கரைக்குத் திரும்பும் வழியில், நான் கேளாமலே சொன்னார்: “ஐயா, இந்தக் கடலை நான் இன்னும் மன்னிக்கேல்ல. ஆனா இதுகளைக் காணேக்க, கடலுக்குச் சொந்தக்காரர் வேற ஒருத்தர் இருக்கிறார் எண்டு விளங்குது. அவரோடதான் என்ர வழக்கு.”

அன்பானவர்களே, யோபு தன் ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்தவன். அவனுக்கும் தேவனோடு ஒரு வழக்கு இருந்தது. கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசியபோது, பிள்ளைகள் ஏன் மரித்தார்கள் என்று அவனுக்கு விளக்கவில்லை. கடலுக்கு எல்லை வைத்ததைச் சொன்னார். காட்டுக்கழுதையையும் தீக்கோழியையும் கழுகையும் காட்டினார். கடைசியாக லிவியாதானைக் காட்டினார். இது ஒரு பதிலா என்று நான் பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். யோபுவின் துக்கத்தை அவர் சிறியதென்று சொல்லவில்லை. வழக்காடியதற்காக அவனைத் தள்ளிவிடவும் இல்லை. மனிதன் அஞ்சும் ஆழமும் தம்முடைய கண்ணுக்கு முன்பாகவே இருக்கிறது என்று அவனுக்குக் காண்பித்தார். யோபுவைப்போலவே என் நண்பரும் விளக்கம் பெறவில்லை. ஆனால் யாரிடம் பேசவேண்டும் என்பதை அறிந்திருக்கிறார். அதுவும் விசுவாசமே.

யோபுவின் நண்பர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் அவனோடுகூடத் தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரையில் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனைக் காயப்படுத்தினார்கள்.

நமது சபையில் இவ்வாண்டு துணையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைக் குறித்த செய்திக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஆழத்திலிருந்து மூச்சு வாங்க மேலே வருகிறவர்கள்போலவே அவர்கள் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு வருகிறார்கள். அவர்களை ஆலோசனைகளோடு துரத்தாதிருப்போம். எஞ்சினை நிறுத்திவிட்டு அருகில் இருப்போம். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவருடைய வீட்டுக்குச் சென்று, வசனம் சொல்லுமுன் சற்று நேரம் அவரோடு உட்கார்ந்திருங்கள்.

ஜெபம்: ஆழங்களை உண்டாக்கின ஆண்டவரே, எங்கள் கண்ணுக்கு மறைந்த இடங்களிலும் நீர் மகிழ்ந்து காக்கும் உயிர்களுக்காக உமக்கு நன்றி. கடலால் காயப்பட்டவர்களையும், உம்மோடு வழக்காடுகிறவர்களையும் உம்முடைய சமுகத்தைவிட்டுத் தள்ளாதிரும். அவர்கள் மூச்செடுக்கும் நேரத்தில் அமைதியாகத் துணைநிற்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.