ஒரே ஒரு இடைவெளி

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நைனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார். சென்ற விடுமுறையில் வேறொரு ஷூ கம்பெனியின் சிஸ்டம் பிரிவில் எனக்கு டிரெய்னிங் கிடைத்தது.

அங்கே பேட்டர்ன் கோப்புகள் எல்லாம் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். டிசைன் அறையில் வரைந்து அதில் போடுவார்கள். கட்டிங் மெஷின் அதிலிருந்து எடுத்து வெட்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் என்.எஃப்.எஸ். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. எந்தக் கம்ப்யூட்டர் உள்ளே வரலாம், வந்தால் படிக்க மட்டுமா, எழுதவுமா என்பதெல்லாம் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்கிற கோப்பில் வரிவரியாக இருக்கும்.

ஒருநாள் ஒரு சைஸின் பேட்டர்ன் மாறிப்போய், அப்பர் துண்டுகள் சிறியதாக வெட்டுப்பட்டுவிட்டன. துணியென்றால் ஒட்டுப்போடலாம், தோலில் கத்தி விழுந்தால் விழுந்ததுதான். அதுவும் சதுர அடிக் கணக்கில் வாங்குகிற தோல். திட்டு யாருக்கு? மெஷினில் நின்ற அண்ணனுக்கு. சம்பளத்திலும் பிடித்தார்கள். "நான் பட்டனை அமுக்கினேன், அவ்ளோதான் சார்" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு நைனா முகம்தான் கண்ணில் நின்றது.

மறுநாள் சிஸ்டம் சார் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினார். புதிதாக வந்த டிசைன் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.20. அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் 'ஆர்.டபிள்யூ' என்று போட்டால், அது எழுதலாம் என்று பொருள். யாரோ நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். பொருளே தலைகீழ்! அந்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்க மட்டும் அனுமதி. எழுதும் உரிமை மற்ற எல்லாருக்கும். ஒரு வாரமாக அதில் சேமிக்க முடியவில்லையாம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலையை முடித்துக்கொண்டார்களே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேட்டர்னை மாற்றியது யார்? கடைசிவரை தெரியவில்லை. சாதாரணமாக என்.எஃப்.எஸ். வருகிற கம்ப்யூட்டரின் முகவரியைத்தான் பார்க்கும். 'நான் இந்த எண்ணுள்ள பயனாளி' என்று அது சொன்னால் அப்படியே நம்பிவிடும். கொஞ்சம் சந்தேகப்படுவது 'ரூட்' என்று வருபவரிடம் மட்டும்.

வீட்டில் இதைச் சொன்னேன். "லாரி நம்பரப் பாத்து கேட்டைத் தொறந்துட்டு, உள்ள யாரு குந்திகினுகீறான்னு பாக்காத மாதிரியாடா?" என்றார் நைனா. நைனா படித்தது மூன்றாம் வகுப்பு!

ஆளையும் சோதிக்க கெர்பரோஸ் என்ற முறை உண்டு, 1980-களில் எம்.ஐ.டி.யில் உருவானது. "அதெல்லாம் அமைக்க நேரம் ஏதுப்பா" என்றார் சார். இடைவெளியை எடுத்தார். கட்டிங் மெஷின்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் தனி வரி எழுதினார்.

டீ நேரத்தில் நானே போய் அந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா தம்பி? அப்போ புடிச்ச காசைத் திருப்பித் தருவாங்களா?"