பழியைக் குளிர்மேல் போட்டேன்

குளிர்தான் காரணம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பொய். காரணம் நான்.

மிச்சிகனில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாடு என் வேலை. விடுமுறை நாட்களில் ஸ்கீட் சுடுவேன். இரண்டு பக்கமும் உள்ள கூண்டுகளிலிருந்து சீறி வரும் தட்டுகளை, அரைவட்டத்தில் இடம் மாறி மாறி நின்று உடைக்கும் விளையாட்டு. சுற்றுக்கு 25 தட்டு. அமெரிக்க ஸ்கீட்டில் 12, 20, 28 கேஜ் துப்பாக்கிகளுக்கு அடுத்து, பொடியனாக நிற்பது ஃபோர் டென். கேஜ் என்பது பழைய கணக்கு: குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பது. எண் கூடினால் குழல் சிறுக்கும். ஃபோர் டென் மட்டும் நேரடி அளவு, குழலின் விட்டம் 0.410 அங்குலம்.

ஸ்கீட்டுக்கான ஃபோர் டென் தோட்டாவில் அரை அவுன்ஸ் ஈய ரவைதான், சுமார் 14 கிராம். வழக்கமான 12 கேஜ் தோட்டாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கடையில் விலை அதற்குத்தான் அதிகம். அதனால் ஃபோர் டென் சுடுகிறவர்கள் பலரும் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி அடைக்கிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் பாயும். இங்கே அடைக்கும் பிரஸ், வெடிமருந்து, ரவை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் கடையில் கிடைக்கும். பேஸ்மென்ட்டில் ஒரு மேசை போதும்.

கைப்பிடியை இழுக்க இழுக்க பழைய பிரைமர் கழன்று விழும், புதியது ஏறும், மருந்து இறங்கும், மருந்தை ரவையிலிருந்து பிரிக்கும் பிளாஸ்டிக் அடைப்பான 'வாட்' உட்காரும், அதன் மேல் ரவை கொட்டும், கூட்டின் வாய் பூப்போல மடிந்து மூடிக்கொள்ளும். சொல்ல எளிது. ஃபோர் டென்னில் எல்லாமே குறுகல். ரவை இறங்கும் குழாய் அடைத்துக்கொள்ளும். மருந்தோ ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய தோட்டாவில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சின்னப் பிசகு இதில் பெரும் பிசகு. அதனால்தான் கையேடுகள் எல்லாம் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன: அடைக்கும்போது டிவி வேண்டாம், போன் வேண்டாம், பேச்சு வேண்டாம்.

ஒருநாள் மாலை அடைக்க உட்கார்ந்தேன். சிட்னியில் டெஸ்ட் மாட்ச். அங்கே காலை என்றால் எங்களுக்கு முதல் நாள் மாலை. போனைப் பிரஸ் மேலேயே சாய்த்து வைத்திருந்தேன். ஒரு விக்கெட் விழுந்து, அதை ரீப்ளேயில் பார்த்து முடித்து நிமிர்ந்தால் மருந்துக் குப்பி காலி. எப்போது தீர்ந்தது? தெரியாது. கை பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியாக அடைத்தவற்றில் எதில் மருந்து முழுதாக இருக்கிறது, எதில் பாதி, எதில் இல்லவே இல்லை என்று சொல்ல வழியில்லை. தராசில் வைத்துப் பார்த்தேன். ரவையின் எடையே தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறுகிறது. அந்த வித்தியாசத்துக்குள் மருந்தின் எடை ஒளிந்துகொள்கிறது.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. யாருக்கும் வரும். கத்தியால் மடிப்பை அறுத்து, ரவையைத் திரும்பக் கொட்டிக்கொண்டு, மற்றதைக் கழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. தொழிற்சாலையில் சந்தேகப்பட்ட ஒரு போல்ட்டுக்குக்கூட சிவப்புச் சீட்டு கட்டி ஓரம் வைக்கிறவன் நான். வீட்டில் மனசு வரவில்லை. பிரைமருக்கு அப்போது கடும் தட்டுப்பாடு. 2020-க்குப் பிறகு சில காலம் கண்ணில் படுவதே அபூர்வமாக இருந்தது. 'எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்று நல்லவற்றோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டேன். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் அளந்துகொண்டிருந்த பெருமையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அடுத்த முறை மைதானத்துக்குப் போனபோது நண்பரின் பதினைந்து வயது மகனும் வந்திருந்தான். தோட்டா தீர்ந்துவிட்டது அங்கிள் என்றான். தன் கையால் அடைத்ததை அடுத்தவர் துப்பாக்கிக்குக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். வள்ளல் மாதிரி பெட்டியை நீட்டினேன்.

இரட்டைத் தட்டு பறக்கும் இடம். முதல் தட்டுக்கு 'டமார்' வரவில்லை, சோடா மூடி திறந்த மாதிரி ஒரு 'பட்'. குழல் வாயிலிருந்து ரவை பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் கையில் இருந்தது பம்ப் துப்பாக்கி, ஒரே குழல். முன்பிடியை இழுத்து இரண்டாவது தட்டுக்குத் திரும்பிவிட்டான். பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் போட்ட கூச்சலில் விரல் நின்றது. கத்தியது நான் இல்லை. சத்தம் கேட்ட கணமே காரணம் புரிந்தவன் நான் ஒருவன்தான்; வாய் வரவில்லை.

குழலின் நடுவில் வாட் சிக்கியிருந்தது. பிரைமரின் தள்ளல் அவ்வளவு தூரம்தான் கொண்டுபோகும். அடைத்த குழலில் அடுத்த தோட்டா வெடித்தால் குழல் கிழியும், இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.

என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "குளிர்" என்றேன். நம்பினார்கள், ஏனென்றால் அந்தப் பொய்யில் உண்மை கலந்திருந்தது. ஃபோர் டென்னுக்குப் போடும் சில மருந்துகள் கடுங்குளிரில் சரியாகப் பற்றாமல் போவது உண்டு. பழைய ஆட்களுக்குத் தெரியும். கையில் எட்டிய பொய்களில் நல்ல பொய்யாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். பிறகு, மீதித் தோட்டாக்களைப் பையனிடமிருந்து நைசாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். குளிர்தான் காரணம் என்று நான் நம்பியிருந்தால் எதற்கு வாங்க வேண்டும்?

"பரவால்லண்ணா, குளிருக்கு நாம என்ன பண்றது" என்று அவன் அப்பா எனக்கே ஆறுதல் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதுமுன் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. "அவன் கைண்ணா அது" என்றார், வேறு பேசவில்லை. இப்போது மகனுக்குக் கடைத் தோட்டா மட்டும்தான் வாங்கித் தருகிறார், விலை எவ்வளவானாலும். அவர் செய்வதுதான் சரி.