யாரோ நினைக்கிறார்கள் என்று நினைத்தார்கள்

கும்பகோணத்தில் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். வாத்தியாருக்குப் புரை ஏறும். மனைவி எழுந்து வந்து உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவார். "சிங்கப்பூர்ல பிள்ளை நினைக்கிறான் போல" என்பார். வாத்தியார் கண்ணில் நீரோடு சிரிப்பார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது 74. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கியது, நடை சிறுத்தது, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காமல் போனது. எல்லாவற்றையும் வீடு பழகிக்கொண்டது. புரை ஏறுவதையும் அப்படியே பழகிக்கொண்டது.

பிறகு இருமல் குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. "இப்போ ஒழுங்கா சாப்பிடறார்" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லி சந்தோஷப்பட்டார். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. நிமோனியா. பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஐந்து வாரம் கழித்து மறுபடியும் அதே காய்ச்சல்.

"சாப்பிடும்போது புரை ஏறுமா?" என்று இரண்டாவது தடவை ஒரு டாக்டர் கேட்டார்.

"முன்னாடி ஏறும் டாக்டர். இப்போ மாமாவுக்கு அதெல்லாம் இல்ல" என்றாள் மருமகள், நல்ல செய்தி சொல்வதுபோல.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு நொடி வேலை

தொண்டை ஒரு நாற்சந்தி. காற்றும் சோறும் அதே வழியாக வந்து அங்கேதான் பிரிகின்றன. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ள வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்கின்றன.

வரிசை தப்பினால் ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. உடனே வரும் இருமல்தான் காவல்காரன். பார்க்கின்சன், பக்கவாதம் போன்ற நோய்களில் அந்தக் காவல்காரனே அசந்துவிடுவதுண்டு. துளி உள்ளே போகும், இருமல் வராது. வாத்தியாருக்கு இருமல் நின்றது குணமாகி அல்ல.

டாக்டர் அவர்களைத் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார். "அங்கே விழுங்கும் பிரச்னைக்குன்னே ஒரு டீம் இருக்கு" என்றார். "விழுங்கறதுக்கு ஒரு டீமா?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். வாய் பல் டாக்டருடையது, தொண்டை ஈ.என்.டி. டாக்டருடையது, நடுக்கம் நரம்பியல் டாக்டருடையது, நிமோனியா நுரையீரல் டாக்டருடையது. விழுங்குவது யாருடையது? நெடுங்காலம் அது யாருடையதாகவும் இல்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ட்டின் டோனர் என்ற எக்ஸ்ரே நிபுணர் பல துறையினரை இதற்காக ஒன்று சேர்த்தார். 1986-ல் இதற்கென்றே தொடங்கிய 'டிஸ்ஃபேஜியா' என்ற ஆய்விதழின் முதல் ஆசிரியரும் அவர்தான். சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெரி லோகமன் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட், நோயாளி விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் முறையை வளர்த்தார். பேச்சுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பேசவும் விழுங்கவும் அதே நாக்கு, அதே குரல்வளைதானே!

பேரியம் கலந்த இட்லி

பரிசோதனைக்கு வரும்போது வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். லோகமனின் நோயாளிகளுக்கு பேரியம் தடவிய பிஸ்கட். வாத்தியாருக்கு பேரியம் கலந்த இட்லி.

திரையில் அவருடைய தொண்டை பக்கவாட்டில் தெரிந்தது. இட்லி இறங்கியது. கொஞ்சம் நடுவில் தங்கியது, இன்னொரு முறை விழுங்கியதும் போய்விட்டது. அடுத்தது தண்ணீர். கறுப்பாக ஒரு கோடு முன்பக்கம் வழிந்து மூச்சுக்குழாய்க்குள் போனது. மருமகள் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தாள். எந்தச் சலனமும் இல்லை. அமைதியாக அடுத்த வாய்க்குக் காத்திருந்தார்.

அதே தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். உள்ளே போகவில்லை. பிறகு சாதாரணத் தண்ணீரையே, தாடையை நெஞ்சை நோக்கி இறக்கிக்கொண்டு சின்ன வாயாக விழுங்கச் சொன்னார்கள். அப்போதும் போகவில்லை.

இரண்டு வழி இருந்தது. எது என்பதில்தான் டீமுக்குள் பேச்சு நடந்தது. கெட்டியாக்கினால் பாதுகாப்பு என்றார் ஒருவர். "ஏற்கெனவே தண்ணி குடிக்கறது கம்மி. கெட்டியாக்கினா அதையும் குடிக்க மாட்டார்" என்றார் டயட்டீஷியன். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சாப்பிட வைத்தால் விழுங்குவதும் சுலபமாகலாம் என்றார் நரம்பியல் டாக்டர்.

இந்தக் கேள்வியை லோகமனும் ஜோஆன் ராபின்ஸும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வுக் குழு ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருக்கிறது. பார்க்கின்சன் அல்லது மறதி நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் தாடையை இறக்கிக் குடித்தார்கள். மற்றவர்கள் கெட்டியாக்கிய பானம் குடித்தார்கள். மூன்று மாதம் 515 பேரைக் கவனித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் தேன் பதத்துக்குக் கெட்டியாக்கியதுதான் அதிகம் பேருக்குக் கைகொடுத்தது. ஆனால் நிமோனியா வந்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு வழிக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. உடலில் நீர்ச்சத்துக் குறைந்தது கெட்டிப் பானம் குடித்தவர்களில்தான் அதிகம்.

ஆக, எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் வாத்தியார் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார்.

"காபி" என்றார் வாத்தியார்.

உதட்டில் படாத டம்ளர்

கெட்டியாக்கிய காபியை ஒரு வாய் ருசி பார்த்தார். "இது காபி இல்லம்மா. கூழ்" என்றார். அதோடு முடிந்தது.

அப்படியென்றால் தாடையை இறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். டபராவில் ஆற்றி, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் அவருடைய காபி. எழுபது வருடமாக ஒரு டம்ளரையும் எச்சில் பண்ணியவர் இல்லை. தலையை அண்ணாந்தால், வாயை மூடுமுன் திரவம் தொண்டைக்கு ஓடிவிடுகிறது. அவருக்கு அது தாங்காது. இனி உதட்டை வைத்து, குனிந்து, சிறு குழந்தைபோல உறிஞ்ச வேண்டும்.

மறுநாள் காலை அவர் டம்ளரைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் மனைவி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவரும் பரம்பரையாக அண்ணாந்து குடித்தவர்தான். உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சினார். "சூடு சரியா இருக்கு. குடிங்க" என்றார். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாடையை இறக்கினார்.

மாலையில் களைத்துப்போகும் நேரத்துக்கு மட்டும் கெட்டிப் பதம் என்று டீம் சொல்லியிருந்தது. எவ்வளவு கெட்டி? 'கொஞ்சம் கெட்டியா' என்றால் ஒவ்வொரு கைக்கும் ஒரு அளவு. இதற்காகவும் ஒரு குழு உண்டு. மருத்துவம், நர்சிங், உணவியல், உணவுத் தொழில்நுட்பம், பொறியியல் என்று பல துறையினர் பல நாடுகளிலிருந்து 2013-ல் கூடி, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்தார்கள். அளந்து பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச். அடியை விரலால் மூடி 10 மில்லி வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்குள் என்றால் சாதாரணத் தண்ணீர். 4 முதல் 8 மில்லி வரை நின்றால் நிலை 2. ராத்திரிக் கஞ்சிக்கு வாத்தியாருக்குச் சொன்னது அதுதான்.

அதற்கான தனி அளவு சிரிஞ்சை டீம் கொடுத்தது. மருமகள் அதைக் கரண்டிகளோடு மாட்டி வைத்தாள். இட்லியை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, முள்கரண்டியால் அழுத்தி நசுங்குகிறதா என்று பார்ப்பாள். நோயாளிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் ரசம் சாதத்தை நிறுத்தினாள். அதில் ரசம் முதலில் தொண்டைக்கு ஓடிவிடும், சோறு வாயிலேயே நிற்கும். குழைத்துப் பிசைந்த தயிர் சாதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பல், நாக்கு எல்லாம் சுத்தம் செய்தாள். நுரையீரலுக்குப் போகும் துளியில் வாயின் கிருமியும் போகிறதே! ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வாயைச் சுத்தமாக வைத்தவர்களுக்கு நிமோனியா குறைந்ததை 2002-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

திருச்சி டீமின் கடைசி ஆள் கும்பகோணத்துச் சமையலறையில் இருந்தாள்.

வயதானவர் வீட்டில் இருந்தால் கவனிக்க வேண்டியது இருமலை மட்டுமல்ல. சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, சோற்றை வாயிலேயே வைத்திருப்பது, சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போவது, எடை குறைவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாத்தியாருக்குச் சொன்ன வழியை அப்படியே இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. தாடையை இறக்குவது எல்லோருக்கும் உதவாது. அவரவர் தொண்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு மாதமாக வாத்தியாருக்குக் காய்ச்சல் இல்லை. இனி வரவே வராது என்று டீமில் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் காலை காபியின்போது திடீரென்று இருமினார். பலமாக, நாலைந்து தடவை. மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மனைவி பழக்கத்தில் கையைத் தலைக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்திக்கொண்டார். இருமட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். காவல்காரன் விழித்துக்கொண்டிருக்கிறானே!

அடங்கியதும் மனைவி கேட்டார்: "யாரு நினைச்சாங்களோ?"

"யாரும் நினைக்கல" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான்தான் தலையைத் தூக்கிட்டேன்."